பொதுச் சாவி யாருடைய சாவி?

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ சாவி வெட்டித் தரும் தொழிலாளி ஒருவரிடம் சென்று, 'பொதுச் சாவி என்றால் என்ன?' என்று வினவினால், அவர் தயங்காது விடையிறுப்பார். ஒரே கதவைத் திறப்பதற்காக வீட்டார் அனைவரும் ஆளுக்கொன்றாய் வைத்திருக்கும் சாவியே பொதுச் சாவி. 'தனிச் சாவி எது?' என்று மேலும் வினவினால், அந்தக் கொத்தில் சேராமல் தனித்துக் கிடக்கும் சாவி என்பார். இரண்டு விடைகளும் நல்ல தமிழ் அறிந்தவர் கூறும் விடைகளே. ஆயின், கணினித் துறையினர் இதே இரு சொற்களால் குறிக்க எண்ணும் பொருள்களுக்கு இவ்விடைகள் நேர்மாறானவை. சொல்லைப் படைத்தவர் ஒன்றை நினைத்தார்; சொல்லைக் கேட்பவர் வேறொன்றைப் பெறுகிறார். குறை கேட்பவரிடம் இல்லை.

இதனைச் சிறு பிழை என்று தள்ளிவிடுதல் எளிது. மறைகுறியியல் என்பது கணித வல்லுநர்க்கே உரிய துறையாய் இருந்த காலத்தில் அவ்வாறு தள்ளியிருக்கலாம். அவர்கள் ஆங்கில நூல்களைப் பயின்று தமக்குள் தெளிந்துகொண்டனர். இன்று நிலைமை வேறு. பதினைந்து வயது மாணவன் தன் கைப்பேசியில் ஒரு சமூக வலையமைப்பில் சேரும்போது, 'இது உன் பொதுச் சாவி, இது உன் தனிச் சாவி' என்று இரண்டு நீண்ட எழுத்துக் கோவைகள் அவன் முன் வைக்கப்படுகின்றன. எதனை ஊருக்குக் காட்டலாம், எதனை உயிர்போல் காக்க வேண்டும் என்பதை அவன் அந்தச் சொற்களிலிருந்தே அறிந்தாக வேண்டும். அவற்றில் ஒன்றைத் தவறான இடத்தில் ஒட்டிவிட்டால், அவன் பெயரால் எவரும் எதையும் எழுதலாம். அதனைத் தடுக்க உலகில் எந்த அலுவலகமும் இல்லை.

பொருளை முதலில் தெளிதல் நன்று. 1976ஆம் ஆண்டு விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் ஒரு புதுநெறியை வெளியிட்டனர். அதற்கு முந்திய நூற்றாண்டுகளிலெல்லாம் மறைசெய்தி அனுப்புவோரும் பெறுவோரும் ஒரே சாவியை முன்கூட்டியே பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. தூதன் வழியிற் பிடிபட்டால் சாவி பகைவன் கையில் சேரும். டிஃபியும் ஹெல்மனும் இந்தத் தளையை அறுக்கும் வழி காட்டினர். மறுஆண்டே ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவர் அதனைச் செயற்படுத்தும் கணிதத்தைக் கண்டனர். ஒருவர்க்கு இரண்டு எண்கள். இரண்டும் பிறவியிலேயே இணைந்தவை. ஒன்றை உலகறிய வெளியிடலாம். மற்றொன்று உரியவரை விட்டு நீங்கவே கூடாது. வெளியிட்ட எண்ணைக் கொண்டு மறைத்த எண்ணைக் கணித்தறிதல், இன்றைய கணினிகள் அனைத்தையும் ஒன்றுகூட்டினும் இயலாத செயல். மறைத்த எண்ணால் ஒரு மடலுக்குக் கையொப்பம் இடலாம். வெளியிட்ட எண்ணால் அக்கையொப்பம் மெய்யா என்று எவரும் சோதிக்கலாம். அவ்வளவே இதன் சாரம்.

இனி, 'பொதுச் சாவி' என்னும் தொடரை நோக்குக. தமிழில் 'பொது' என்னும் சொல் இரண்டு கருத்துகளைத் தாங்குகிறது. எல்லாரும் காணத் திறந்திருப்பது ஒன்று. பலருக்கும் சம உரிமையுடையது மற்றொன்று. பொதுக்கூட்டம் முதல் வகை. பொதுக் கிணறு, பொதுச் சொத்து, தொடர்வீடுகளின் இடையே நிற்கும் பொதுச் சுவர் ஆகியன இரண்டாம் வகை. கைக்குள் அடங்கும் ஒரு பொருளின் பெயருக்கு முன்னே 'பொது' வந்தால், தமிழர் காதில் விழுவது இரண்டாம் பொருளே. பொதுச் சாவி என்றால் பலர் பகிர்ந்துகொள்ளும் சாவி. 1976இல் அந்த இரு அறிஞர் எந்த ஏற்பாட்டிலிருந்து உலகை விடுவிக்க முயன்றனரோ, அந்தப் பழைய ஏற்பாட்டின் பெயரையே அவர்தம் புதுக்கண்டுபிடிப்பின் தலையில் கட்டிவிட்டனர் தமிழ்ப்படுத்தியவர்கள்! மலாய் மொழிக்கு இந்த இடர் இல்லை. அம்மொழியில் 'அவாம்' என்பது ஊரறிந்ததைச் சுட்டும். பலர் பங்கிட்டுக்கொள்வதற்கு வேறு சொல் உண்டு. ஆங்கிலத்தை ஒட்டி மலாயில் ஆக்கிய தொடர் பொருந்திற்று என்பதால், அவ்வாறே தமிழில் ஆக்கியதும் பொருந்தும் என்று கருதியது மயக்கம்.

'தனி' என்பதும் அவ்வாறே. தனியார் மருத்துவமனை, தனி வகுப்பு, தனி வீடு என்பவற்றில் எங்கேனும் மறைபொருள் உண்டா? தனிச் சாவி தொலைந்தால் வேறொன்று வெட்டிக்கொள்ளலாம் என்றுதான் எவர்க்கும் தோன்றும். காத்தல் வேண்டும் என்னும் அச்சக்குறிப்பு அச்சொல்லில் எள்ளளவும் இல்லை.

இவற்றினும் கொடியது 'விசை'. தட்டச்சுப் பலகையில் விரல்படும் பொத்தானுக்கு அச்சொல் ஓரளவு பொருந்தும். ஆங்கிலத்தில் பொத்தானும் சாவியும் ஒரே சொல்லால் வழங்கப்படுதலின், அகராதியைத் திறந்தவர் முதலிற் கண்ட தமிழ்ச்சொல்லை எடுத்து ஒட்டிவிட்டார் போலும். இயற்பியல் வகுப்பில் பொருளின் முடுக்கத்திற்குக் காரணமானது விசை. கணினி வகுப்பில் விரல் அழுத்துவது விசை. மூன்றாவதாக, ஒருவர்தம் கையொப்பத்திற்கு மூலமான எண்ணும் விசை. 'பொது விசை' என்று படிக்கும் மாணவன், பூமி அனைவரையும் இழுக்கும் ஈர்ப்பைப் பற்றிய பாடம் என்று எண்ணினால் ஆசிரியர் அவனைக் கடிந்துகொள்ள முடியாது.

சொற்குழப்பத்தின் விலை யாது என்பதை உணர, இவ்வலையமைப்புகளின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். முகநூல் போன்றவை ஒரு நிறுவனத்தின் உடைமை. அங்கே ஒருவர்க்கு இருப்பது கணக்கு. கணக்கு என்றாலே அதனை எழுதி வைத்திருக்கும் ஒருவர் உண்டு. மலையகத் தோட்டங்களில் வாழ்ந்த மூத்தோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட, கிராணியின் செக்ரோலில் குறி விழுந்தால்தான் அன்றைய கூலி. தொழிலாளி வேலை செய்தான் என்பதற்குச் சான்று அவன் உடம்பின் வியர்வையன்று. அந்த ஏட்டில் விழுந்த கோடு. ஏடு கிராணியுடையது. பெயரை அடித்துவிட்டால் ஆள் இல்லை. முகநூலின் கணக்கும் தன்மையில் இதுவே.

இந்த நிலையை மாற்ற எழுந்தவையே மையம் தளர்ந்த வலையமைப்புகள். அவையும் ஒரே வகையின அல்ல. சொல் ஆக்குவோர் பெரும்பாலும் வழுக்கி விழுவது இவ்விடத்தில்தான். 2016இல் தோன்றிய மாஸ்டடானில் பல வழங்கிகள் தம்முள் மடல் பரிமாறிக்கொள்கின்றன. அங்கும் பயனர்க்குரிய சாவி வழங்கியிடமே இருக்கிறது. அவர் சார்பில் கையொப்பமிடுவதும் அதுவே. அவர் வேறு வழங்கிக்குக் குடிபெயர்ந்தால், பின்தொடர்வோரை அழைத்துச் செல்லலாம். முன்பு எழுதியவை பழைய இடத்திலேயே நின்றுவிடும். புளூஸ்கையில் ஒருவர்க்கு இடம் மாறினும் மாறாத அடையாளக் கோவை ஒன்று உண்டு. எனினும் கையொப்பச் சாவியைப் பெரும்பாலும் அவர்தம் பதிவுகளைக் காக்கும் வழங்கியே வைத்திருக்கிறது. 2020இல் தொடங்கிய நாஸ்டரில் கிராணியே இல்லை. சாவி முழுவதும் பயனர் கையில். 63 எழுத்துகள் கொண்ட இரண்டு கோவைகள். 'என்பப்' என்று தொடங்குவது காட்டத்தக்கது, 'என்செக்' என்று தொடங்குவது காக்கத்தக்கது. எவரிடமும் விண்ணப்பிக்காமல் தாமே ஆக்கிக்கொள்ளலாம். தொலைத்தால் எவரிடமும் முறையிடவும் முடியாது.

மூன்று அமைப்புகள், சாவி மூன்று விதமாய் இருக்கிறது. மூன்றையும் 'பரவலாக்கப்பட்ட வலையமைப்பு' என்னும் ஒரே போர்வைக்குள் புகுத்துதல் முறையாகாது. 'மையமற்ற' என்னும் சொல் நாஸ்டருக்கு ஏறத்தாழப் பொருந்தும், மாஸ்டடானுக்குப் பொருந்தாது. அதற்கு மலேசியத் தமிழரிடம் பல்லாண்டுகளாய் வழங்கும் நல்ல சொல் கைவசமே உண்டு: கூட்டரசு. பல மாநிலங்கள் தத்தம் எல்லையுள் ஆட்சி புரிந்துகொண்டு ஒன்றுகூடி நிற்பதைக் கூட்டரசுப் பிரதேசத்தில் வாழும் சிறுவனும் அறிவான். 'கூட்டரசு வலை' என்றால் அவனுக்குப் பாதி பாடம் முடிந்தது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இச்சொல்லை ஏற்பரா என்று சிலர் அஞ்சுவர். கணினி, கணிப்பொறி, கணனி என்று மூன்று சொற்களை அரைநூற்றாண்டாய் மூன்று கரைகளில் வழங்கியும் தமிழ் மடிந்துவிடவில்லை. இங்கு விளங்கும் சொல்லை இங்குள்ளோர் வழங்குதலில் குற்றம் யாதும் இல்லை.

அடுத்துவரும் குழப்பம் இவையனைத்தினும் தீங்கு மிக்கது. மறைத்து வைக்க வேண்டிய சாவியைக் 'கடவுச்சொல்' என்று விளக்குவோர் உளர். மாணவனுக்கு எளிதில் விளங்கும் என்பது அவர் வாதம். விளங்கும், உண்மை, தவறாக விளங்கும். கடவுச்சொல் என்பது வாயிற்காவலனுக்கும் தெரிந்த சொல். காவலன் ஒருவன் இருப்பதனால்தான் அதனை மறந்தால் புதுப்பித்துக்கொள்ள முடிகிறது. திருட்டுப் போனால் மாற்றிக்கொள்ள முடிகிறது. மறைத்த சாவிக்குக் காவலன் இல்லை. அதனைக் கடவுச்சொல் என்று கற்றவன், மறந்தால் 'மறந்துவிட்டேன்' என்னும் பொத்தானைத் தேடுவான். அப்பொத்தான் அங்கு இராது. கடவுச்சொல்லைப் போல அதனைக் கண்ட இடத்திலெல்லாம் உள்ளிட்டும் விடுவான். உள்ளிட்ட ஒருமுறையே போதும்.

இந்நாட்டுத் தமிழர்க்கு அடையாளம் என்னும் சொல் வெறும் அகராதிச் சொல் அன்று. 1948இல் அவசரகாலத்தின்போது அடையாள அட்டை புகுத்தப்பட்டது; பின்னாளில் நீல அட்டையா சிவப்பு அட்டையா என்பதைப் பொறுத்தே பல குடும்பங்களின் வேலையும் கல்வியும் அமைந்தன. பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்ட ஒரே காரணத்தால் மூன்றாம் தலைமுறையிலும் நாடற்றவராய் நின்றோர் உண்டு. அத்தகைய சமுதாயத்தினிடம் 'இதுவும் உன் அடையாளமே' என்று புதியதொன்றைக் கூறும்போது சொற்சுத்தம் வேண்டும். அடையாள அட்டை, இன்னார் இன்னாருடைய மகன் என்று அரசு கூறும் சான்று. தொலைந்தால் தேசியப் பதிவு இலாகாவுக்குச் சென்று, தண்டம் செலுத்தி, வேறு பெற்றுக்கொள்ளலாம். மறைகுறி அடையாளம் அத்தகைய எதனையும் கூறுவதில்லை. நேற்று எழுதிய கையே இன்றும் எழுதுகிறது என்பது மட்டுமே அதன் சான்று. கையுடையவர் யார், எவ்வூரினர், மெய்யாகவே அப்பெயரினரா என்பதை அது அறியாது. அட்டையை விடக் கைநாட்டுக்கே அது நெருங்கியது.

இரண்டையும் ஒரே 'அடையாளம்' என்று கூறிவிட்டு, பின்னர் 'சரிபார்க்கப்பட்ட அடையாளம்' என்று மூன்றாவதையும் சேர்த்துவிட்டால் குழப்பத்திற்கு எல்லையில்லை. டுவிட்டர் 2022இல் நீலக்குறியைச் சந்தாப் பணத்திற்கு வழங்கத் தொடங்கியபோது, அக்குறி ஆளைச் சோதித்ததன் சான்றா, பணம் கட்டியதன் பற்றுச்சீட்டா என்று ஆங்கிலம் அறிந்தோரே திகைத்தனர்.

கையொப்பத்தைப் பற்றியும் ஒரு சொல் கூறல் தகும். மலேசியாவில் இலக்கவியல் கையொப்பச் சட்டம் 1997இல் இயற்றப்பட்டு, 1998 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. மேலே கூறிய இரட்டைச் சாவி நெறியையே அச்சட்டம் பெயர் சொல்லி வரையறுக்கிறது; சாவிக்கு உரியவர் அதனைக் கவனத்துடன் காத்தல் கடமை என்றும் விதிக்கிறது. பின்னர் 2006இல் மின் வாணிகச் சட்டம் வந்தது. அது மின்வழியாக இடப்படும் பலவகைக் கையொப்பங்களையும் ஏற்கும் பரந்த சட்டம். தாளில் இட்ட கையொப்பத்தைப் படமெடுத்து ஒட்டுவதற்கும், 78 இலக்கம் வரை நீளக்கூடிய மறை எண்ணால் கணித்துப் பெறும் கையொப்பத்திற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. சட்டம் இரண்டாய்ப் பிரித்ததைத் தமிழ் 'மின் கையொப்பம்' என்று ஒன்றாய்க் குழைப்பது நேர்மையன்று. 1997ஆம் ஆண்டுச் சட்டத்தினதை இலக்கவியல் கையொப்பம் என்றும், 2006ஆம் ஆண்டினதை மின் கையொப்பம் என்றும் வழங்குதல் தகும். ('இயல்' என்னும் ஈறு துறைக்கு உரியதாயிற்றே, பொருளுக்கு எப்படிப் பொருந்தும் என்று இலக்கண ஆசிரியர் வினவலாம். வினா நியாயமானது. ஆனால் அமைச்சின் பெயரிலேயே அச்சொல் ஏறிவிட்டது.)

இலக்கியம் பயிலும் மாணவர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. அனுமன் காட்டிய கணையாழி, வைத்திருப்பவனை நம்பச் செய்யும் பொருள்; அது வேறொருவன் கையில் சிக்கியிருந்தால் அவனையும் நம்பச் செய்திருக்கும். கண்ணகி உடைத்த சிலம்போ உள்ளிருக்கும் பரலைக் கொண்டு தன் மெய்ம்மையைத் தானே நிறுவியது. பாண்டியன் அவையில் அச்சோதனை ஒரு நாள் முந்தி நிகழ்ந்திருந்தால் மதுரை எரிந்திராது. கடவுச்சொல் கணையாழியின் இனம். இலக்கவியல் கையொப்பம் சிலம்பின் இனம்.

எனின், வேண்டிய சொற்கள் யாவை? மறைக்க வேண்டியதற்கு 'மறைச்சாவி'. வெளியிட வேண்டியதற்கு 'வெளிச்சாவி'. இரண்டு சொற்களும் சாவியின் இயல்பை விளக்க முற்படாமல், உடையவர் செய்ய வேண்டியதைக் கூறுகின்றன. மறை என்றால் மறைத்துவை. வெளி என்றால் வெளியிடலாம். ஆறாம் ஆண்டு மாணவன் இவற்றை மாற்றிப் பொருள்கொள்ள வழியில்லை.

இதற்கு மறுப்புகள் எழும். தூய தமிழ் அன்பர், சாவி என்பது போர்த்துகீசியர் விட்டுச்சென்ற சொல்லன்றோ, திறவுகோல் இருக்க அது எதற்கு என்பர். திறவுகோல் அழகிய சொல். ஆயின் அதன் அழகே ஈண்டுத் தடை. திறக்கும் கோல் என்று அது பறைசாற்றுகிறது; கையொப்பமிடும் சாவியோ எதனையும் திறப்பதில்லை. சாவி என்னும் சொல்லுக்குத் தமிழில் வேர்ப்பொருள் இல்லாமையால் அது பொய் கூறுவதும் இல்லை. அலமாரியையும் மேசையையும் ஏற்று நானூறு ஆண்டுகள் ஆன பின்னர் சாவியை மட்டும் கப்பலேற்ற முனைதல் வீண்முயற்சி. மற்றொரு சாரார், மறை என்றால் வேதமன்றோ என்று நகைப்பர். மறைமுகம், மறைவிடம் என்று நாளும் வழங்குவோர்க்கு அந்த ஐயம் எழாது.

வலுவான மறுப்பு வேறொன்று. வெளிச்சாவி சாவியே அன்று. கையொப்பத்தைச் சோதிக்கும்போது அது வங்கியில் வைத்த மாதிரிக் கையொப்பத்தைப் போன்றது. மறைசெய்தி அனுப்பும்போது பூட்டைப் போன்றது. ஆகவே சாவி என்னும் பெயரையே விட்டுவிடலாகாதா என்பது. இம்மறுப்பில் உண்மை உண்டு. மலாயில் பூட்டை 'இபு குன்ச்சி' என்றும் சாவியை 'அனாக் குன்ச்சி' என்றும் தாயும் சேயுமாய் வழங்கும் மரபை இங்கு எண்ணிப் பார்த்தல் தகும். பூட்டும் சாவியும் ஒரே பெயரின் இரு கிளைகள். எனினும் மாதிரிக் கையொப்பத்தைப் பார்த்து எழுதிப் பழகிப் போலி செய்யலாம். வெளிச்சாவியைப் பார்த்துப் போலி செய்ய இயலாது. பூட்டு என்றால் கையொப்பத்தின் கருத்து முற்றும் மறையும். இரண்டும் ஓர் இணை என்பதை உணர்த்துவதே முதற்பணி. அதற்குப் பின்னொட்டு ஒன்றாய் இருத்தல் வேண்டும். குறையுள்ள சொல்தான், ஆயினும் அக்குறையால் எவரும் தம் சாவியை இழக்கமாட்டார்.

ஆங்கிலச் சொற்களையே வைத்துக்கொண்டால் என்ன என்போர்க்கு விடை அண்மை வரலாற்றிலேயே உண்டு. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கி, 2012 முதல் அத்திட்டம் படிப்படியாய்க் கைவிடப்பட்டது. அந்த இடைவெளியில் தமிழ்ப்பள்ளிகளில் பயின்ற பிள்ளைகளுக்கு அறிவியல் தமிழ்ச்சொற்கள் அயற்சொற்களாயின. வழங்காத சொல் பத்தே ஆண்டில் துருப்பிடிக்கும் என்பதை அன்று கற்பித்த ஆசிரியர்களே நன்கறிவர்.

கலைச்சொல்லாக்கத்தில் தமிழர்க்கு மரபு இல்லாமல் இல்லை. 1916இலேயே சேலத்தில் இராஜாஜி முதலானோர் அறிவியற் சொற்களுக்கென ஒரு சங்கம் கண்டனர். மணவை முஸ்தபா தம் வாழ்நாளை அதற்கே ஈந்தார். 1966இல் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கூடியதும் இதே கோலாலம்பூரில்தான். முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் கணினித் திரையில் தமிழை ஏற்றியதும் இம்மண்ணிலிருந்தே. மலாய்மொழிக்கு 1956இல் தோன்றிய டேவான் பஹாசா டான் புஸ்தாகா உண்டு. சொல்லை ஆய்ந்து ஆணையிட அதற்குச் சட்டத்தின் துணை உண்டு. மலேசியத் தமிழுக்கு அத்தகைய அதிகார பீடம் இல்லை. அதற்காகச் சென்னையிலிருந்து பட்டியல் வரட்டும் என்று காத்திருப்பது பழக்கமாகிவிட்டது. வந்த பட்டியலில் 'பொதுச் சாவி' என்று இருந்தால் அதையே கரும்பலகையில் எழுதுவதும் பழக்கமாகிவிட்டது.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் வரும் தவணையில் செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. பாடம் தொடங்குமுன், விளக்கம் எதுவும் தராமல், 'பொதுச் சாவி, தனிச் சாவி, மறைச்சாவி, வெளிச்சாவி' என்னும் நான்கு சொற்களைப் பலகையில் எழுதி, 'இவற்றுள் நண்பனிடம் கொடுக்கக் கூடாதது எது?' என்று வினவட்டும். மாணவர் எழுதித் தரும் விடைகளை எண்ணிப் பார்த்த பிறகு, எந்தச் சொற்களைக் கொண்டு பாடம் நடத்துவது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.